நாற்காலிகள் போன பிறகு

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருந்தது. அன்றிரவு கர்ண மோட்சம் கூத்து.

இருட்டியதும் போய்விட்டேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஜமாக்காரர்கள் முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொண்டிருந்தார்கள். கர்ணன் வேஷக்காரர் பகலில் கரும்பு வெட்டுகிறவர். முன்கையெல்லாம் சோகை கிழித்த தழும்பு. கைக்கண்ணாடியைப் பார்த்துப் புருவம் எழுதும்போது மட்டும் அந்தக் கை அசையவேயில்லை.

கட்டைப் பெட்டியைத் திறந்தார். கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாமே கல்யாண முருங்கை மரம். விடிய விடியச் சுற்றி ஆட வேண்டுமே, கனக்காத மரமாகத்தான் இருக்க வேண்டும். இதே மாவட்டத்து மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையில் செதுக்கிய சாமிகள் நகரத்து வரவேற்பறைகளுக்குப் போகின்றன. கல்யாண முருங்கைக்கு அந்த யோகம் இல்லை. உதிர்ந்த கண்ணாடிச் சில்லைப் பசை தடவி ஒட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும்.

கூத்துக்குக் கட்டணம் கிடையாது, யாரும் வரலாம். உட்காருவதுதான் அப்படியில்லை. முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உபயதாரர்கள், கட்சிக்காரர்கள், திருவிழாவுக்கு ஊர் வந்த சென்னைப் பிள்ளைகள், நான். பின்னால் பாய்கள். பாய்களுக்குள்ளும் தெருவுக்குத் தெரு இடைவெளி. யாரும் கோடு கிழிக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில், மரவள்ளிக் காட்டு வேலைக்கு மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள், மூட்டையோடு.

நள்ளிரவு வரை கட்டியக்காரன் நாற்காலிகளுக்காகவே பாடினான். சினிமா மெட்டு, உபயதாரர் புகழ், நடுநடுவே அன்பளிப்பு அறிவிப்பு. பாயிலிருந்து ஒருவர் எழுந்து போய் ஐம்பது ரூபாய் கொடுத்தார். "எங்கப்பன் பேரையும் சேத்துச் சொல்லு" என்றார். மைக்கில் அப்பன் பெயர் ஒலித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

ஒரு மணிக்கு முன்வரிசை காலி. மிருதங்கக்காரருக்குப் பக்கத்தில் நின்ற கூத்து வாத்தியார் என்னிடம் குனிந்து, "நாற்காலி எழுந்தாத்தான் சார் நமக்குக் கூத்து" என்றார். நானும் என் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் பாய்க்கு மாறினேன்.

மூன்று மணி இருக்கும். பொன்னுருவி, அதாவது மீசை மழித்த ஒரு கொத்தனார், கர்ணனைத் தேரோட்டி மகன் என்று ஏசினாள். போருக்குப் போகிறவன் விடைபெற வந்து நிற்கிறான், அவளோ பிறப்பைச் சொல்லிக் காட்டுகிறாள். முகவீணை இழுத்த இழுப்பில் பாய் முழுக்க அமைதி. எனக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவி சத்தமாகவே கேட்டாள்: "பெத்தவ ஆத்துல விட்டதுக்கு அவன் என்னடி பண்ணுவான்?" பொன்னுருவி ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த அடியை எடுத்தாள்.

ந. முத்துசாமி கூத்தின் மேல் கொண்ட பித்தில் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியிருக்காவிட்டால், என் போன்றவர்கள் இதைக் கலையென்றே கண்டிருக்க மாட்டோம். அந்தக் கடன் உண்டு. ஆனால் சென்னை அரங்குகளில் நான் பார்த்த கூத்தெல்லாம் கடைசிப் பேருந்துக்கு முன் முடிந்தவை. நடுவில் குரல் கொடுக்க அங்கே கிழவியும் இல்லை.

விடிந்தது. கர்ணன் செத்து எழுந்து, மார்பில் குத்தியிருந்த நோட்டுகளைக் கழற்றிப் பங்குக்காக வாத்தியாரிடம் நீட்டினார். வாடகைக் கடைக்காரர் நாற்காலிகளை அடுக்கி எண்ணினார், ஒன்று குறைந்தது. நான் இழுத்துப் போட்டதுதான். அதில் ஒரு மலைக்காரப் பிள்ளை, மூட்டையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.