பழைய படகும் புதுச் சாயமும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மீன்பிடிப்பைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாய்க்கால் ஓரம், ஆற்று வளைவு, ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டை என்று தண்ணீர் நின்ற இடமெல்லாம் நாம் தூண்டில் போட்டவர்கள்தாம். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் பல வீடுகளில் குழம்புச் சட்டியை நிரப்பியதே அந்தத் தூண்டில்தான். ஆனால், படகு என்பது வேறு விஷயம். தூண்டிலில் ஏமாந்தால் ஒரு மண்புழு போகும். படகில் ஏமாந்தால் பணம் போகும். சில வேளைகளில் அதைவிடப் பெரியதும் போகும்.

என் அக்காள் கணவர் 31 ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்தவர். முதலில் பால்மரம் வெட்டினார். பிறகு செம்பனைக் குலை வெட்டினார். 55 வயதானதும் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. வீட்டுக் கூரைக்கு, கடைசி மகளின் படிப்புக்கு என்று ஒதுக்கியது போக, 4,500 வெள்ளியைத் தனியே எடுத்து வைத்தார். "இது எனக்கு" என்றார். அத்தனை ஆண்டுகளில் அவர் தமக்கென்று எதையும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. இப்போது கேட்டது ஒரு மீன்பிடிப் படகு.

அக்காள் என்னைத் தனியே அழைத்தாள். "காசு போனா போவுது தம்பி. பேரப்பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டுப் போவேங்கிறாரே, அதுதான் பயமா இருக்கு. நீ கூடப் போய்ப் பாரு" என்றாள்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படகைப் பற்றிப் பாடம் இல்லை. ஆனால் மிதப்பதும் அமிழ்வதும் ஏன் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறவன் நான். போதாததற்கு, ஆற்றோரத்தில் படகு பழுது பார்க்கும் ஒருவரிடம் இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். அவரிடம் கேட்டதும், பிறகு கண்ணால் கண்டதும் நம் வாசகர் சிலருக்காவது பயன்படும் என்றே இதை எழுதுகிறேன்.

அலுமினியம் ஏன்?

நாங்கள் இருப்பது பேராக் மாநிலம். அத்தான் மனத்தில் வைத்திருந்தது செண்டெரோ ஏரி. பேராக் ஆற்றின் குறுக்கே 1930ஆம் ஆண்டில் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி அது. இத்தகைய ஏரிகளில் தண்ணீருக்கடியில் பட்ட மரக்கட்டைகள் கிடக்கும். மரப்படகு என்றால் ஆண்டுதோறும் இடுக்கு அடைத்து எண்ணெய் பூச வேண்டும். ஃபைபர் படகு பார்க்க அழகு. ஆனால் கட்டையில் வேகமாக மோதினால் வெடிப்பு விடும். அலுமினியம் அநேகமாக நசுங்குவதோடு நின்றுவிடும். எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அதன் எடை. 12 அடிப் படகை இரண்டு ஆண்கள் கரையேற்றிவிடலாம். அதன்மேல் தானாகவே படியும் மெல்லிய படலம் அதைத் துருவிலிருந்து காக்கிறது. நல்ல தண்ணீரில் முறையாக வைத்திருந்தால் 30, 40 ஆண்டுகள்கூட உழைக்கும். பழையதை வாங்கலாம் என்ற துணிவே அதனால்தான் வருகிறது.

இவற்றில் இரண்டு வகை உண்டு. தகடுகளை ரிவெட் ஆணியால் சேர்த்தது ஒன்று. பற்றவைத்துச் சேர்த்தது மற்றொன்று. ரிவெட் அடிக்கும் முறை விமானத் தொழிலிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், அமெரிக்காவில் போர் விமானம் செய்த குரும்மன் நிறுவனமே அலுமினியத் தோணி செய்யத் தொடங்கியது. விலை குறைந்த பழைய படகுகளில் பெரும்பாலானவை ரிவெட் அடித்தவை. அவற்றில் நோய் வருவதும் அந்த ஆணிகளில்தான்.

பளபளத்த படகு

நாங்கள் முதலில் பார்த்த படகு பட்டணத்தை ஒட்டிய ஒரு வீட்டு முற்றத்தில் இருந்தது. நீலச் சாயம் புத்தம் புதிதாக மின்னியது. எஞ்சினோடு சேர்த்து 4,300 வெள்ளி என்றார்கள். அத்தானுக்குக் கண் அதைவிட்டு அகலவில்லை.

விற்கப் போகும் படகுக்கு ஒருவர் ஏன் புதிதாகச் சாயம் பூச வேண்டும்? மணப்பெண்ணை அலங்கரிப்பது போலத்தான் என்று சிலர் சொல்லலாம். ஆனால் சாயத்துக்கு அடியில் பட்டி பூசி மறைத்த ஓட்டை இருந்தால் அது முதல் மாதம் தெரியாது. மூன்றாம் மாதம் ஏரி நடுவில் தெரியும்.

குனிந்து உட்புறம் பார்த்தேன். மிதிபலகைக்கு அடியில், சாயம் எட்டாத இடத்தில், வெள்ளை மாவு போல் பூத்திருந்தது. விரலால் துடைத்ததும் அதன் கீழே குண்டூசித் தலை அளவில் குழிகள். கேட்டபோதுதான், முன்பு கடலோரத்தில் ஓடிய படகு என்று சொன்னார்கள். உப்பு நீர் அலுமினியத்தை அரிக்கும். செம்பும் பித்தளையும் ஈயமும் பட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் விரைவாக அரிக்கும். இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் சிறு மின்கலம் போலாகிவிடும். அதில் கரைவது அலுமினியம்தான். அந்தப் படகின் அடியில் தூண்டில் ஈயக்குண்டுகள் தேங்கிய நீரில் கிடந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழி.

"பற்றவைத்துக்கொள்ளலாமே" என்றார் அத்தான். எளிதான காரியமன்று. அலுமினியம் சுமார் 660 பாகை வெப்பத்தில் உருகும். உருகுமுன் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. மேலே உள்ள படலமோ 2,000 பாகைக்கு மேல்தான் உருகும். அதற்கென்று தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். கேட் பற்றவைக்கும் பட்டறையில் கொடுத்தால் சிறு ஓட்டை பெரிய ஓட்டையாகத் திரும்பி வரும். அரித்த தகட்டுக்கு வைத்தியம் செய்யும் செலவில் வேறு படகே வாங்கிவிடலாம்.

வணக்கம் சொல்லித் திரும்பினோம். வழி நெடுக அத்தான் பேசவில்லை.

தண்ணீரைப் படகில் விடுங்கள்

மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஆற்றோரக் கம்பத்தில் ஒரு மலாய்ப் பெரியவரிடம் மற்றொரு படகு இருப்பதாகத் தகவல் கிடைத்தது. 12 அடி நீளம், 4 அடி அகலம். சாயம் உரிந்து, பக்கமெல்லாம் நசுங்கல். எஞ்சின் இல்லை. விலை 2,600 வெள்ளி. அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ மனம் தெளிந்தது. இங்கே எதுவும் மறைந்திருக்கவில்லை.

படகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதற்கு முன், தண்ணீரைப் படகில் விட்டுப் பார்க்க வேண்டும். பழுது பார்ப்பவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். மூன்று கட்டைகளைக் குறுக்கே போட்டுப் படகை அதன்மேல் வைத்து, உள்ளே 4 அங்குல உயரத்துக்கு மட்டும் நீர் ஊற்றினோம். அதற்கு மேல் கூடாது. 10 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குல உயரம் என்றால் 10 கன அடி. அதாவது ஏறக்குறைய 283 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நிரம்ப ஊற்றினால் பாரம் தாங்காமல் நல்ல படகே வளைந்துபோகும்.

அரை மணி நேரம் அடியில் குனிந்து பார்த்தோம். ஐந்து ஆணிகளில் சொட்டியது. ஒவ்வொன்றையும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டேன். ஐந்தும் வெவ்வேறு இடங்களில் இருந்தன. அது பெரிய நோயன்று; ஒருவர் உள்ளிருந்து கனமான இரும்பைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வெளியே சுத்தியால் தட்டினால் ஆணி இறுகிக்கொள்ளும். ஒரே வரிசையில், அதுவும் நடு அடியில், தொடர்ச்சியாகச் சொட்டினால் மட்டும் படகின் முதுகே தளர்ந்துவிட்டது என்று பொருள். அதைத் தொடக்கூடாது.

அடுத்தது எஞ்சின் மாட்டும் பின்பலகை. பல படகுகளில் தகட்டுக்கு நடுவே மரம் வைத்திருப்பார்கள். அதுதான் முதலில் உளுத்துப்போகும். தட்டிப் பார்த்தால் நல்ல மரம் 'டக்' என்று ஒலிக்கும். உளுத்தது 'பொத்' என்று அடங்கும். திருப்புளியால் ஓரத்தில் குத்தியபோது இந்தப் படகில் முனை உள்ளே இறங்கியது. மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றும்போது செம்பு உப்பு ஏற்றிய பச்சை மரத்தை வைக்கக்கூடாது. அதுவும் அலுமினியத்தைத் தின்னும். நீர் தாங்கும் ஒட்டுப்பலகையை நன்றாகப் பிசின் பூசி வைக்க வேண்டும்.

மூன்றாவது, இருக்கைக்கு அடியில் இருக்கும் நுரைக்கட்டி. அலுமினியம் தண்ணீரைவிட 2.7 மடங்கு கனமானது. படகுக்குள் நீர் நிறைந்துவிட்டால் தகடு நேரே அடிக்குப் போகும். அதைத் தாங்குவது அந்த நுரைக்கட்டிதான். சிலர் அது நாறுகிறது என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். சில படகுகளில் அது ஊறிப்போய்க் கல்லாகக் கனக்கும். இரண்டு பேர் தூக்க முடியாத 12 அடிப் படகு என்றால் சந்தேகப்படுங்கள். நாங்கள் இருவரும் தூக்கிப் பார்த்தோம். எழும்பியது.

சுண்ணக்கட்டி வட்டங்களையும் பின்பலகையையும் காட்டிப் பேசியதில், பெரியவர் 2,200 வெள்ளிக்கு இணங்கினார். இரு தரப்பும் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டும் எழுதிக்கொண்டோம். குறையைக் கண்ணெதிரே காட்டிப் பேசினால் பேரம் சண்டையாகாது.

எஞ்சின் விஷயம்

எஞ்சினைத் தனியே தேடினோம். பார்க்கப் போனதும் முதலில் அதன்மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதே அதன் சரியான வயதைச் சொல்லும். தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கித்தான் ஓட்ட வேண்டும். வறட்சியாக ஓட்டினால் உள்ளே நீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் கருகிவிடும். ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து நீர்த்தாரை பீய்ச்ச வேண்டும். அடியில் உள்ள பல்சக்கர எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. எஞ்சின் எண் சுரண்டப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பிப் பாராமல் வந்துவிடுங்கள். திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

படகின் பின்பலகை 15 அங்குல உயரமா, 20 அங்குலமா என்று அளந்து, அதற்கேற்ற தண்டு நீளமுள்ள எஞ்சினையே வாங்க வேண்டும். 5 குதிரைச் சக்தி எஞ்சின் 1,400 வெள்ளிக்குக் கிடைத்தது. பின்பலகையும் ஆணி வேலையும் 260 வெள்ளி. மூன்று மிதவைச் சட்டைகள், இரண்டு துடுப்பு, நீர் இறைக்கும் வாளி, கயிறு எல்லாம் 390 வெள்ளி. ஆக மொத்தம் 4,250. மீதி 250 வெள்ளியை அக்காளிடமே கொடுத்துவிட்டார்.

எத்தனை பேர் ஏறலாம்?

மனத்துக்குச் சங்கடமான கட்டம் இதுதான். பேரப்பிள்ளைகள் மூவரையும் அக்காளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது அத்தானின் கனவு. சிறு படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவற்படை சொல்லும் ஒரு கணக்கு உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, 15ஆல் வகுக்க வேண்டும். 12 தரம் 4 என்றால் 48. வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல். அதாவது மூன்று பேர். அதுவும் காற்றில்லாத நல்ல நாளில்.

"பிள்ளைங்க எடை குறைவுதானே?" என்றார் அத்தான். எடை குறைவுதான், ஆனால் பிள்ளைகள் ஓரிடத்தில் உட்காரமாட்டார்கள். மீன் மாட்டியதும் மூவரும் ஒரே பக்கம் எழுந்தால் படகு எடைக்கணக்குப் பார்க்காது. அவர் நீண்ட நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப முறை வச்சுக்குவோம்" என்றார். இப்போது ஒரு வாரத்துக்கு ஒரு பேரப்பிள்ளை. தாத்தாவோடு தனியே இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்காக மூவரும் நாட்காட்டியில் கோடு போட்டுக் காத்திருக்கிறார்கள். அக்காள் இதுவரை இரண்டு முறை ஏறியிருக்கிறாள், மிதவைச் சட்டையை இறுகக் கட்டிக்கொண்டு.

நேரத்தையும் இடத்தையும் பார்த்துப் போவது முக்கியம். நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருகிறது. மின்னல் வெட்டும்போது திறந்த நீரில் படகில் இருப்பது ஆபத்து. அத்தான் நண்பகலுக்குள் கரையேறிவிடுவார். செண்டெரோவுக்கு மேலே தெமங்கோர், பெர்சியா, கெனெரிங் என்று மூன்று அணைகள் இருக்கின்றன. அணை திறந்தால் மழை இல்லாமலே நீரோட்டம் மாறும். உள்நாட்டு மீன்பிடிப்புக்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆகவே வலை வீசுமுன் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

அன்பு வாசகர்களே, நம்மில் பலருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் மொத்தமாகப் பணம் கையில் சேருகிறது. அது வந்த செய்தி தெரிந்ததும் பளபளக்கும் பொருள்கள் நம் வாசலைத் தேடி வரும். படகானாலும் மோட்டார் சைக்கிளானாலும் சரி, குனிந்து அடியைப் பாருங்கள், தட்டிக் கேளுங்கள், தூக்கிப் பாருங்கள். "இன்றைக்கே முன்பணம் கொடுத்தால்தான் உண்டு" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். உழைத்துச் சேர்த்த பணத்துக்கு ஆசைப்பட்டதை வாங்கும் உரிமை உண்டு. அதைப் பொறுத்துப் பார்த்து வாங்கினால் வீட்டில் இருப்பவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.