எடைக்குப் போட்ட மணி

தர்மபுரியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த காலத்தில், கண்டம் செய்த தீயணைப்பு வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். மூக்கு நீண்ட பழைய லேலண்ட். என் கணக்கெல்லாம் எடைதான்: சேசிஸ் இவ்வளவு, பம்ப் இவ்வளவு, பித்தளைக்குத் தனி ரேட்.

கேஸ் கட்டரைப் பற்ற வைக்கும் நேரம் ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தினார். அந்த வண்டியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுற்றி வந்து, முன்பக்க மணியின் கயிற்றைப் பிடித்தார். இழுக்கவில்லை, பிடித்தபடி நின்றார். பல கை பட்டுக் கயிறு கறுத்து வழவழவென்று இருந்தது.

“அறுக்காத சாமி. நிறுத்தி வெச்சா பசங்க பாப்பாங்க. தொடைக்கிறது, எண்ணெய் விடறதெல்லாம் நாங்க நாலு பேர் பாத்துக்கறோம். சம்பளம் வேண்டாம்.”

“எட வாடகை நீங்க குடுப்பீங்களா பெரியவரே?” என்றேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் வண்டி துண்டு துண்டாகிவிட்டது.

பல வருஷம் கழித்து டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ரயில்களுக்கு நடுவே 1914-இல் செய்த ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி. நிஜாம் ரயில்வேயில் இருந்தது. காற்றில்லாத கெட்டி ரப்பர் டயர். பழைய கார் பேரணிகளில் ஓடியும் காட்டியிருக்கிறது. என் மகன் போட்டோ எடுக்கக் கூப்பிட்டான். பக்கத்தில் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அமெரிக்காவில் ஜார்ஜ் கெட்ஸ் என்பவருக்கு 1955 கிறிஸ்துமஸுக்கு மனைவி கொடுத்த பரிசு, ஒரு பழைய தீயணைப்பு வண்டி. அந்த ஒன்றில் தொடங்கிய சேகரிப்புதான் இன்று ஃபீனிக்ஸ் நகரில் ‘ஹால் ஆஃப் ஃபிளேம்’ அருங்காட்சியகமாக நிற்கிறது. எனக்கும் ஒரு வண்டி கிடைத்தது. சம்பளமில்லாமல் நாலு ஆளும் கிடைத்தார்கள்.

இப்போது சட்டமே என் பழைய புத்தியோடுதான் இருக்கிறது. 2021 விதிப்படி 50 வயது தாண்டினால்தான் ஒரு வண்டி ‘விண்டேஜ்’. 2023 ஏப்ரல் முதல், 15 வயது தாண்டிய அரசு வண்டிக்குப் பதிவு கிடையாது; உடைக்கத்தான் போக வேண்டும். பதினைந்தில் உடைத்தால் ஐம்பது எங்கிருந்து வரும்?

முன்பே ஏலம் போன வண்டி ஏதாவது உங்கள் மாந்தோப்பில் தண்ணீர் டேங்கராகக் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எண்ணெய் விட நான் வருகிறேன்.