வெளிக்கிட முதல் காஸைப் பூட்டுங்கோ

நல்லூர்த் திருவிழாக் காலத்தில காரைநகர் கசூரினா கடற்கரைக்கு வான் பிடிச்சுப் போற குடும்பங்கள் கனக்க. சட்டி பானையோட 5 கிலோ காஸ் சிலிண்டரும் அடுப்பும் ஏறும். போகேக்க எல்லாரும் கவனம். திரும்பி வரேக்கதான் எனக்குப் பயம். பொழுதுபட்டிடும், பிள்ளையள் நித்திரைக்கு அழுங்கள், அடுப்பு நூர்ந்திட்டுது எண்ட நினைப்பில சிலிண்டரைப் பூட்டாமலே வானுக்குள்ள ஏத்திவிடுவினம்.

காஸ் காற்றைவிடப் பாரம். புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிஞ்சால் மேல போகாது, சீற்றுக்குக் கீழ தேங்கி நிக்கும். கண்ணாடி ஏத்தின வானுக்குள்ள ஒரு சின்னப் பொறி காணும்.

2021 கடைசியில நாடு முழுக்க அடுப்புகள் வெடிச்சதை மறந்திட்டமோ? புரொப்பேன், பியூட்டேன் கலவையை மாத்தினதுதான் முக்கிய காரணம் எண்டு ஜனாதிபதி நியமிச்ச குழு சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள்ள அழுத்தமும் கூடும். அப்ப சவர்க்கார நுரை தடவிக் கசிவு பாத்த சனம், இப்ப அந்தப் பழக்கத்தை விட்டிட்டுது. மெய்யாவே கவலையாக் கிடக்கு.

அடுப்பு எரியேக்கையே முதல்ல சிலிண்டர் வால்வைப் பூட்டுங்கோ. குழாய்க்குள்ள நிக்கிற காஸ் எரிஞ்சு முடிய நெருப்புத் தானா நூரும். பிறகுதான் அடுப்பின்ர திருகு. ரெகுலேட்டரைக் கழட்டி, மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கோ. படுக்கப் போடாதேங்கோ. வழியில காஸ் மணந்தால் வானை நிப்பாட்டி, எல்லாக் கதவையும் திறந்து, முதல்ல பிள்ளையளை இறக்குங்கோ.