உடன் வரும் உயிர்

புலம்பெயர்தல் தமிழர்க்குப் புதிதன்று. பொருள் தேடித் திரைகடல் கடந்தவர் உண்டு. கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவர் உண்டு. பட்டமும் பணியாணையும் கையில் கொண்டு வானூர்தியில் பறப்பவர் இன்று உண்டு. ஒருவன் பெயரும்போது எதை எடுத்துச் செல்கிறான், எதை விட்டுச் செல்கிறான் என்று கவனித்தால் அவன் உள்ளத்தின் இயல்பு ஒருவாறு விளங்கும். வீட்டை விற்கலாம்; தட்டுமுட்டுப் பொருள்களை உறவினர்க்கு ஈயலாம்; சாமி படத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாம். ஆனால், வாசலில் படுத்துக் கொண்டு நம் காலடி ஓசைக்குக் காதை நிமிர்த்துகின்ற நாயை என்ன செய்வது? கேள்வி சிறிது, அதற்கு விடை காண்பது அத்துணை எளிதன்று.

நான் பிறந்து வளர்ந்ததும் ஆசிரியப் பணி புரிவதும் கேமரன் மலையில். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மலை இது. 1929ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்தித் தேயிலை நட்டு, கொழுந்து கிள்ளிக் கூடை நிறைத்தவருள் பெரும்பாலோர் நம்மவர். கடல் மட்டத்திற்கு 1,400 மீட்டருக்கு மேற்பட்ட இவ்வுயரத்தில் விடியற்காலைப் பனி கண்ணை மறைக்கும். அப்பனியில் பிரட்டுக்குச் செல்லும் தாய்க்கு முன்னும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பின்னும் ஒரு நாய் நடந்து போகும். லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளித் தோட்டத்தில் காட்டுப்பன்றி புகாமல் காத்ததும் அதுவே. தோட்டத்து நாய்க்கு உயர்ந்த சாதிப் பெயரும் இல்லை. கழுத்துப் பட்டையும் இல்லை. ‘மணி’ என்றோ ‘கறுப்பன்’ என்றோ அழைத்தால் ஓடி வரும். மீந்த சோறு அதற்குக் கூலி.

அந்நாய்கள் அநாதைகளான காலம் ஒன்று இந்நாட்டு வரலாற்றில் உண்டு. 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாதார் வேலை அனுமதிச் சீட்டுப் பெற்றாக வேண்டும் என்றாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் கலங்கினர். ஏறத்தாழ 60,000 பேர் தமிழகம் திரும்பினர் என்று ஆய்வாளர் கூறுவர். பினாங்குத் துறையிலும் கிள்ளான் துறையிலும் ‘ரஜூலா’க் கப்பலுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் எங்கள் மலையிலிருந்து இறங்கியவரும் இருந்தனர்.

என் தந்தையார் அந்நாள்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேசினால் மனிதரைப் பற்றிப் பேசுவதினும் நாய்களைப் பற்றியே பேசுவார். மூட்டை முடிச்சுகளோடு லாரி புறப்படும், நாய்கள் வளைவு வரை ஓடும், வளைவில் நின்றுவிடும். “மறுநாளும் அந்த வளைவிலேதான் உட்கார்ந்திருந்தது” என்பார். அவ்வாறு நின்றுபோன நாய்களுள் இரண்டிற்கு எம் வீட்டில் சோறு வைத்தாராம். விட்டுச் சென்றவரைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் செல்லும் ஏழைக்குத் தன் பிள்ளைகளைப் பத்திரமாகக் கரை சேர்ப்பதே பெரும்பாடு. தனக்கே இடம் இல்லை என்று சொல்லப்பட்டவன் தன் நாய்க்கு எங்ஙனம் இடம் கேட்பான்?

துரைமார்க்கும் இத்துன்பம் முற்றிலும் இல்லாமல் இல்லை. பணி முடிந்து தாயகம் திரும்பியவர் தம் நாயைக் கொண்டு சென்றால், பிரிட்டனில் அது ஆறு திங்கள் தனிமைக் காப்பகத்தில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய் தம் தீவுக்குள் நுழையாதிருக்க அந்நாட்டார் வகுத்த விதி அது. தடுப்பூசியையும் இரத்தச் சோதனையையும் நம்பி அவ்விதியைத் தளர்த்தும் திட்டம் 2000ஆம் ஆண்டில்தான் அங்குத் தொடங்கிற்று.

இனி, அண்மையில் நான் அருகிருந்து கண்ட ஒன்றைக் கூறுகிறேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் பொறியியல் கற்று மெல்பர்ன் நகரில் குடியேறினார். அவர்தம் தாயார் நாற்பது ஆண்டு கொழுந்து கிள்ளியவர். பணி ஓய்ந்தால் தோட்டத்து வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது தோட்டப்புறத்தின் பழைய வழக்கம். ஆகவே, கணவரோடு ரிங்லெட்டில் ஒரு சிறு வாடகை வீட்டில் வாழ்ந்து வந்தார். 2021ஆம் ஆண்டில் கணவர் மறைந்தார். பெருந்தொற்றுக் காலம், ஆஸ்திரேலியா தன் எல்லைகளை அடைத்திருந்தது. ஒரே மகன் கொள்ளி வைக்க வர இயலவில்லை. கைப்பேசியின் சிறு திரையில் தந்தையின் முகத்தைப் பார்த்து அழுதார். ஈமக்கடன் முடிந்து உற்றார் கலைந்த பின் அந்த வீட்டில் தாயாரோடு எஞ்சியிருந்தது ஒரு செந்நிற நாட்டு நாய் மட்டுமே.

எல்லைகள் திறந்த பின் மகன் வந்தார். தாயை அழைத்துச் செல்ல எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். தாயார் மறுத்துவிட்டார். சமாதானம் பேச என்னை அழைத்தனர்.

“வாத்தியாரய்யா, நான் இல்லாட்டி அது சாப்பிடாது. அத விட்டுட்டு நான் எங்க போறது?” என்றார் அம்மூதாட்டியார்.

“அங்க வேற நாய் வாங்கித் தர்றேம்மா” என்றார் மகன்.

“நீ அங்க போனப்ப, வேற பிள்ளை வாங்கிக்கம்மான்னு யாராச்சும் எங்கிட்ட சொன்னாங்களாப்பா?”

மகன் தலை கவிழ்ந்தார். சமாதானம் பேசச் சென்ற நானும் சொல்லிழந்தேன். சற்றுப் பொறுத்து, “சார், நாயையும் கொண்டு போக என்ன செய்யணும்னு பார்ப்போம்” என்றார். அன்று தொடங்கிய வேலை முடிய ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. மகன் அங்கிருந்து விதிகளை அனுப்புவார். நான் அவற்றைத் தாயாருக்குத் தமிழில் விளக்குவேன். அதனால் அவ்விதிகள் எனக்கு ஓரளவு மனப்பாடம்.

முதலில், நாயின் தோலுக்கடியில் அரிசி மணி அளவான நுண்சில்லு ஒன்றைச் செலுத்த வேண்டும். அதில் 15 இலக்க எண் ஒன்று உண்டு. மனிதனுக்குக் கடப்பிதழ் போல நாய்க்கு அவ்வெண். அடுத்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அதன் பின் இரத்தம் எடுத்து, ஏற்பு பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருத்தல் வேண்டும். அவ்விரத்தம் ஆய்வுக்கூடத்தை அடைந்த நாள் முதல் 180 நாள் காத்திருக்க வேண்டும். நோய் உடலில் மறைந்திருந்தால் அதற்குள் வெளிப்பட்டுவிடும் என்பது கருத்து. புறப்படும் வேளை நெருங்குகையில் உண்ணி நீக்கமும், பூச்சி மருந்தும், வேறு சில நோய்ச் சோதனைகளும் உண்டு. அங்குச் சேர்ந்த பின் மெல்பர்னுக்கு அருகில் மிக்கல்ஹம் என்னுமிடத்தில் உள்ள அரசுக் காப்பகத்தில் தனித்திருக்க வேண்டும். புறப்படுமுன்பே நாயின் அடையாளம் முறையாகச் சரிபார்க்கப்பட்டிருந்தால் 10 நாள். இல்லையேல் 30 நாள்.

மேற்கு மலேசியாவிலிருந்து செல்லும் நாய்க்கும் பூனைக்கும் இவற்றோடு இன்னொரு சான்றும் வேண்டும். நிப்பா என்னும் நச்சுயிரி இல்லை என்று காட்டும் சான்று அது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பன்றிப் பண்ணைகளில் பரவி, இந்நாட்டில் 105 உயிர்களைக் கொண்ட அந்நோய்க்கு, நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரையே உலகம் வைத்தது. எங்கோ ஒரு கம்பத்தில் நேர்ந்த துயரம் கால் நூற்றாண்டு கழித்து ஒரு மலைநாட்டு நாயின் பயணத்தாளில் ஒரு வரியாக நிற்கிறது!

இவ்விதிகளைக் கேட்டதும், “ஏன் இந்தக் கொடுமை?” என்று அயலார் கேட்டனர். கொடுமையன்று, காப்பே என்று கூறினேன். வெறிநாய்க்கடி நோய் முற்றி அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. நம் நாடு பல ஆண்டுகள் அந்நோயின்றி இருந்தது. 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டிற்று. 2017 முதல் சரவாக்கில் மனித உயிர்களையும் கொண்டது. நோய் எல்லை அறியாது. ஆதலின் மனிதன் எல்லையில் நின்று காக்கிறான். அன்பு பொறுமையின்மையாக மாறி விதியை மீறுமாயின், ஒரு நாயின் மீதுள்ள பாசம் ஓராயிரம் உயிர்க்கு நஞ்சாகக் கூடும்.

அம்மூதாட்டியார் 180 நாளையும் நாள்காட்டியில் கோடிட்டுக் கழித்தார். பயணக்கூண்டு முன்னதாகவே வந்தது. நாய் அதில் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு வான்போக்குவரத்துச் சங்கத்தின் விதி. அக்கூண்டைக் கூடத்தில் திறந்து வைத்து, உள்ளே தம் பழைய கைலியை விரித்தார். சோற்றுத் தட்டையும் அதற்குள் வைத்தார். சில நாளில் நாய் தானாகவே அதில் உறங்கத் தொடங்கிற்று. மயக்க மருந்து கொடுத்து அனுப்பினால் அலறாதே என்று ஒருவர் யோசனை சொன்னார். கால்நடை மருத்துவர் கண்டிப்பாக மறுத்தார். வானில் மயங்கிய உயிர்க்கு மூச்சும் நெஞ்சும் தளரக்கூடும் என்றார்.

செலவு தாயாரின் பயணச்சீட்டைப் போல் பல மடங்கு. தேநீர்க்கடையில் இது பேச்சாயிற்று. “மனுசனுக்கே வழியில்ல, நாய்க்குப் பிளேனா?” என்றனர். இக்கேள்வியை நான் ஏளனம் செய்யேன். வறுமையை உண்டு வளர்ந்த தோட்டப்புறத்தின் நேர்மையான கேள்வி அது. இதற்கு மகன் என்னிடம் கூறிய விடை: “அப்பாவுக்குச் செய்ய வேண்டியத என்னால செய்ய முடியல சார். அன்னைக்கு அம்மா பக்கத்துல இருந்தது இதுதான்.” நாய்க்காகச் செய்த செலவு அன்று அது. தாம் இல்லாத இடத்தில் தமக்காக இருந்த ஓர் உயிர்க்குப் பட்ட கடன்.

மகாபாரதத்தின் இறுதிப் பகுதியைத் தமிழாசிரியர் அறிவர். மலையேறிச் சென்ற தருமனுக்குத் துணைவியும் தம்பியரும் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தபின் எஞ்சியது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து அழைக்கிறான். நாய்க்கு அதில் இடமில்லை என்கிறான். அடைக்கலம் புகுந்ததைக் கைவிட்டுப் பெறும் துறக்கம் வேண்டா என்று தருமன் மறுக்கிறான். தம்பியரை விட்டு வந்தாயே என்று இந்திரன் மடக்கும்போது, இறந்தாரை மீட்க என்னால் இயலாது. உயிரோடிருப்பதை விடேன் என்று விடையிறுக்கிறான். நம் மண்ணிலும் சான்று உண்டு. திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற ‘கோவிவன்’ என்னும் நாயைக் குறிக்கும் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் உள்ளது. வீரனுக்குரிய கல்லில் நாயின் பெயரைப் பொறித்தவர் நம் முன்னோர்.

இவ்வாறு கூறுவதால், பெயர்வோர் யாவரும் தம் நாயை வானூர்தியில் ஏற்றியே தீர வேண்டும் என்பதன்று என் கருத்து. முதுமையுற்ற நாய்க்கும், மூக்குக் குறுகிய இனத்து நாய்க்கும் வான்பயணம் தீங்கு செய்யலாம். அவற்றைத் தக்காரிடம் ஒப்படைத்துச் செல்வதே அன்பு. பொருள் இல்லாதவர்க்கும் அவ்வழியே உண்டு. உண்ணும் வேளை, உறங்கும் இடம், அஞ்சும் ஓசை, அழைக்கும் பெயர் ஆகியவற்றை ஏற்பவரிடம் எழுதிக் கொடுத்தல் வேண்டும்; புறப்படுவதற்குப் பல நாள் முன்பே புதிய இல்லத்தில் பழக்குதல் வேண்டும். சந்தையோரத்தில் இறக்கி விட்டு வண்டியை விரைந்து ஓட்டிச் செல்வதற்கு மட்டும் எந்த வறுமையும் சான்று கூறாது.

மூதாட்டியார் நாயோடு சென்று சேர்ந்தார். காப்பகத்தில் இருந்த 10 நாளும் அவர் சரியாக உண்ணவில்லை என்று மகன் எழுதினார். நாய் நன்றாக உண்டதாம்! அதைக் கேட்டுத் தாயாருக்குச் சிறிது வருத்தம் என்றும் எழுதியிருந்தார்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நாய் நன்றியுள்ள விலங்கு’ என்று ஆண்டுதோறும் நம் மாணவரை எழுதப் பணிக்கிறோம். நான்கு கால், ஒரு வால், நன்றி உண்டு என்று அவர்களும் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். இனி, அந்நாய்க்கு நாம் பட்ட கடன் யாது என்று இன்னொரு பத்தி எழுதச் சொல்வோம். எழுதத் தயங்கும் பிள்ளையை வீட்டிற்கு அனுப்பிப் பாட்டியைக் கேட்டு வரச் செய்வோம். 1970ஆம் ஆண்டை ஒட்டி லாரி சென்ற வளைவுகள் இம்மலையில் இன்னும் இருக்கின்றன. அங்கு நின்றவற்றை நினைவில் வைத்திருப்போர் சிலரேனும் நம் லயங்களில் இன்னும் வாழ்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அப்பத்தியை எழுதி வாங்குதல் நம் கடமை.