ஒரே இடத்தில் மாற்றினால் போதும்

2019 அக்டோபர் 1, மியன்மார் ஜோஜி எழுத்துருவை விட்டு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறிய நாள். யாங்கூனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக நான் செய்த இணையப் பக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. பர்மிய வாசகங்களை ஒரு கருவி மாற்றிக் கொடுத்துவிட்டது. எழுத்துருவின் பெயரைத்தான் சிஎஸ்எஸ் கோப்பில் நாற்பது இடத்தில் தேடித் தேடித் திருத்தினேன். ஓர் இடம் விட்டுப்போச்சு. அது அறிவிப்புப் பகுதி.

அந்த வாரம் வகுப்பு நேரம் மாறியிருந்தது. நம்மில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்கப் பர்மியம்தானே? அறிவிப்பு எழுத்துக் குழம்பித் தெரிந்ததில் யாருக்கும் புரியலை. பிள்ளைங்க பூட்டிய கதவைப் பார்த்துட்டுத் திரும்பிப் போனாங்க.

அதற்கப்புறம்தான் சாஸ் கற்றுக்கொண்டேன். 2006-இல் வந்த சிஎஸ்எஸ் முன்செயலி அது. எழுத்துரு, நிறம், வரி இடைவெளி எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தடவை பெயர் வைத்துவிட்டு, கீழே அந்தப் பெயரை மட்டும் எழுதினால் போதும். பிரவுசருக்கு சாஸ் புரியாது. அதை சிஎஸ்எஸ் ஆக்கித்தான் ஏற்றணும். பர்மிய எழுத்து அடியில் அடுக்கி வருவதால் வரி இடைவெளி கூடுதலாக வேணும். அதையும் இப்போ ஒரே வரியில் மாற்றுகிறேன்.

வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நினைத்தால் நிறத்தில் தொடங்குங்கள். மேலே ஒரு நிறத்தை மாற்றியதும் தலைப்பு, பொத்தான் எல்லாம் மாறும். என் மகள் கைதட்டினாள். எனக்கு அந்தப் பூட்டிய கதவுதான் ஞாபகம் வந்தது.