இல்லாத இயந்திரத்தின் மொழி

பெரம்பலூரை அடுத்த செட்டிகுளத்துப் பக்கம் சின்ன வெங்காயம் பயிரிடும் குடும்பம் எங்களது. விளைச்சலில் ஒரு பகுதி அரியலூரில் உள்ள அத்தை வீட்டாரின் கடைக்குச் செல்லும். உறவினருள் கொடுக்கல் வாங்கல் மிக நுட்பமான விஷயம். கணக்கில் ஒரு ரூபாய் வேறுபட்டாலும் அவ்வாண்டுப் பொங்கலுக்குப் பேச்சிராது. ஆதலின் எடையையும் விலையையும் பெருக்கித் தொகை கூறும் சிறு நிரல் ஒன்றை யான் ஜாவா மொழியில் எழுதினேன். எம் வீட்டுக் கணினி இன்டெல் இனத்தது. கடையில் இருப்பதோ ஆர்ம் இனத்ததாகிய ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுப் பலகை. இவற்றின் பாஷைகள் முற்றும் வேறு. ஆயினும் ஒரே கோப்பு ஈரிடத்தும் ஓடிற்று.

காரணம் இதுவே. ஜாவாவின் தொகுப்பி எந்த உண்மை இயந்திரத்துக்கும் கட்டளை எழுதுவதில்லை. ஏட்டில் மட்டும் வரையறுக்கப்பட்ட ஒரு கற்பனை இயந்திரத்துக்கே எழுதுகிறது. ஒவ்வொரு கட்டளையின் குறியும் ஒரு பைட்டுக்குள் அடங்குவதால் அதற்குப் பைட்கோடு என்று பெயர். எம் பெருக்கல் 26, 27, 104, 172 என்னும் நான்கே எண்களாயிற்று. 26, எடையை எடுத்து அடுக்கில் வை என்கிறது. 27, விலையை அதன்மேல் வை என்கிறது. 104, மேலுள்ள இரண்டையும் எடுத்துப் பெருக்கி விடையை அங்கேயே வைக்கச் சொல்கிறது. 172, அவ்விடையைக் கேட்டவரிடம் கொடுக்கச் சொல்கிறது. கூடைகளை அடுக்கி மேலிருந்து எடுத்துப் பழகிய எந்தைக்கு இது உடனே விளங்கிற்று. கல்லூரியில் பயிலும் என் தம்பிக்கு அரைமணி நேரம் ஆயிற்று!

நிற்க. மெய்நிகர் இயந்திரம் என்பது அந்தந்தக் கணினிக்கென எழுதி நிறுவப்பட்ட ஒரு நிரல். அது இவ்வெண்களைப் படித்துத் தன் கணினியின் பாஷையில் செய்விக்கிறது. வெளியிலிருந்து வந்த கோப்பை அது எளிதில் நம்புவதில்லை; வெற்று அடுக்கிலிருந்து எடுக்கச் சொல்லும் கட்டளை உண்டா என்பன போன்றவற்றை முன்னரே சோதித்து, குற்றமுள்ளதைத் தள்ளிவிடும். எமக்கு முக்கியமானது வேறொன்று: ஜாவாவின் சாதாரண முழு எண் எவ்விடத்தும் 32 பிட் அளவினதே. ஆகவே பெரம்பலூர் விடையே அரியலூர் விடையும் ஆயிற்று.

“வேகம் குறையாதா, மாப்பிள்ளை?” என்றார் அத்தான். ஒவ்வொன்றாய்ப் படித்தால் குறையவே செய்யும். 1995இல் வெளிவந்த ஜாவாவின்மீது அக்குறை கூறப்பட்டது. 1999இல் வந்த ஹாட்ஸ்பாட், அடிக்கடி ஓடும் பகுதியைக் கண்டறிந்து ஓட்டத்தினிடையே கணினியின் சொந்தப் பாஷைக்கு மாற்றிக்கொள்கிறது. எம் நான்கு எண்களுக்கு அவ்வளவு ஆரவாரம் வேண்டியதில்லை.

அத்தை தம் கைபேசியிலும் இக்கணக்கு வேண்டும் என்கிறார். ஆண்ட்ராய்டின் பைட்கோடு வேறு வகை. அஃது அடுக்கை நம்பாமல் எண்ணிட்ட அறைகளைக் கையாள்வது. எம் கோப்பை அதற்கேற்ப மாற்றும் வேலை இப்போது தம்பியிடம் இருக்கிறது.