கலமாசூவில் ஒரு கிட்டார் பேரம்

டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோ போகும் நெடுஞ்சாலையில் பாதி வழியைத் தாண்டியதும் கலமாசூ வந்துவிடும். மிச்சிகன் மாநிலத்தின் நடுத்தர ஊர். கிப்ஸன் கம்பெனி 1902-இல் தொடங்கியது இங்கேதான். 1917-இல் பார்சன்ஸ் தெருவில் செங்கல் கட்டடம் எழுப்பிக் குடியேறி, 1984-இல் மூடும்வரை அங்கேயே கிட்டார் செய்தார்கள். என் தங்கை மகன் இந்த ஊரில் ஜாஸ் படிக்கிறான். 1948-ஆம் வருடத்து கிப்ஸன் எல்-5 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 8,500 டாலர் சொல்கிறார்கள் என்றான். "நீங்க பாதி போடுங்க மாமா, மீதிக்கு நான் கடன் வாங்கிக்கிறேன்." தாய்மாமன் சீர் இந்த அளவுக்குப் போகும் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிவைக்கவில்லை. தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் பேசுவோம் என்றேன்.

எல்-5 சாதாரண கிட்டார் இல்லை. வயலினைப் போல மேல்பலகை மேடாக வளைந்திருக்கும். நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக இருபுறமும் எஃப் வடிவத் துளைகள். இந்த வகையை ஆர்ச்டாப் என்கிறார்கள். 1922-இல் கருவி வடிவமைப்பாளர் லாய்ட் லோர் கிப்ஸனில் இருந்தபோது எல்-5 வெளிவந்தது. மின்பெருக்கி வராத காலம். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் நடன இசைக்குழுவில் கிட்டாரின் தாளம் கடைசி வரிசைவரை கேட்டாக வேண்டும். அந்தத் தேவைக்குப் பிறந்த கருவி இது. பிறகு மின்சாரம் பூட்டிய எல்-5-ஐ ஜாஸ் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி வாசித்து அதன் புகழை இன்னும் ஏற்றிவிட்டார். விலையும் ஏறியது.

எல்-5-ஐக் கிட்டார் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனோம். பட்டறை அவர் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் கார் ஷெட். வயது எழுபதுக்குக் கிட்டே. பத்தொன்பது வயதில் பார்சன்ஸ் தெருவில் வேலைக்குச் சேர்ந்தவர். உதவிக்கு ஒரு இளம்பெண். நாங்கள் போனபோது அவள் ஸ்ப்ரூஸ் மரத்தாலான மேல்பலகை ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் அளவே உள்ள பித்தளை இழைப்புளி. இரண்டு இழுப்பு இழுப்பாள், அளவுகோலை வைத்துக் கனம் பார்ப்பாள், பலகையைக் காதருகே தூக்கி, தேங்காய் வாங்குபவர் மாதிரி விரல் முட்டியால் தட்டுவாள். மறுபடி இரண்டு இழுப்பு. நடுவில் கால் அங்குலத்தை ஒட்டி, ஓரத்தில் அதைவிட மெலிதாக இறங்க வேண்டும். தொழிற்சாலையில் இந்த வளைவை முதலில் இயந்திரம் குடைந்து கொடுத்துவிடும். மனிதக் கை கடைசி இழைப்புக்குத்தான் என்றார் பெரியவர். "அந்தக் கடைசி இழைப்பில்தான் ஒரு கிட்டார் பிழைக்கும், இன்னொன்று சாகும்."

எல்-5-ஐப் பெட்டியிலிருந்து எடுத்தவர் வாசித்துப் பார்க்கவே இல்லை. முதலில் முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். சூடமும் ஏதோ புளிப்பும் கலந்த வாடை. மேல்பலகையைக் கீறலிலிருந்து காக்கப் பூட்டிய செல்லுலாய்டுத் தகடு மக்கிக்கொண்டிருக்கிறது. செல்லுலாய்டில் சூடம் சேர்ப்பது உண்டு. அது சிதையும்போது வரும் ஆவி, பக்கத்தில் இருக்கும் தங்க முலாம் பூசிய உலோகத்தைத் தின்றுவிடும். கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் வால்பகுதியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தகட்டைக் கழற்றி வேறு பையில் போட்டுவைத்தார்.

அடுத்து சிறு கண்ணாடியும் விளக்கும் எஃப் துளைக்குள் போயின. வெள்ளை நீள்வட்ட லேபிளில் ஏ எழுத்தோடு எண். 1947-இலிருந்து கிப்ஸன் அப்படித்தான் எண் போட்டது, வருடம் பொய்யில்லை. மேல்பலகையின் அடியில் ஒட்டிய இரண்டு நீளக் கட்டைகளில் ஒன்று முனையில் விட்டிருந்தது. உள்ளங்கையால் பலகையை அழுத்தினார், மெல்லிய படபடப்பு கேட்டது. வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினால் போகும், பெரிய விஷயமில்லை என்றார். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் கீழே பலகை அமுங்கவில்லை, அதுதான் முக்கியம். இரும்புக் கம்பிகள் எழுபது வருடமாக அழுத்தினால் மெலிந்த பலகை உள்வாங்கிவிடும். அதைத் தூக்கி நிறுத்துவது மிகக் கடினம்.

விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டினார். பழைய லாக்கர் பூச்சு பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கியது. நெக்கின் அடியில் மட்டும் கருப்பாக ஒரு பட்டை.

"நெக்கைக் கழற்றி மறுபடி பூட்டியிருக்கிறார்கள். மேலே பூச்சும் தொட்டிருக்கிறார்கள்."

"கெடுதலா?" என்று மருமகன் கேட்டான்.

"நான் செய்திருந்தால் கெடுதல் இல்லை" என்றார். சிரிக்கவில்லை.

பார்சன்ஸ் தெருவில் அவர் நெக் பொருத்தும் பிரிவில் இருந்தவர். புறாவால் வடிவத்தில் வெட்டிய முனையில் சாக்குக்கட்டி தேய்ப்பார்கள். உடலில் செருகி எடுத்தால் எங்கே உரசுகிறதோ அங்கே சுண்ணம் அழிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி சுண்ணம், மறுபடி செருகல். பசை இல்லாமலே தூக்கிப் பிடித்தால் உடல் கழன்று விழாத அளவுக்கு வந்தபிறகுதான் பசை. அந்த வேலையைச் செய்தவர் பெயர் கிட்டாரில் எங்கும் இருக்காது. இதற்கு மாறாக, நியூயார்க்கில் கென்மேர் தெருவில் ஜான் டி'ஏஞ்சலிக்கோ ஆர்ச்டாப் செய்யும் கடை வைத்திருந்தார். 1964-இல் இறக்கும்வரை அவர் எண்ணிட்டுச் செய்தவை 1164. அங்கே பெயருக்கு உரியவரே பட்டறையில் கைவைத்து உழைத்தார். அதனால் அவற்றின் விலையில் எனக்கு நியாயம் தெரிகிறது. கிப்ஸனில் பெயர் கம்பெனிக்கு, கை கூலிக்கு.

1984-இல் கம்பெனி வேலையை முழுதும் நாஷ்வில்லுக்குக் கொண்டுபோனது. பெயர் தெற்கே போயிற்று. ஜிம் டுர்லூ, மார்வ் லாம், ஜே. பி. மோட்ஸ் போன்ற பழைய ஊழியர்கள் ஊரை விட்டுப் போகாமல், 1985-இல் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். எங்கள் பெரியவரும் சில வருடம் அங்கே இருந்தவர்தான். இதையெல்லாம் கேட்டபிறகுதான் 8,500 டாலரில் எது எதற்கு எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடிந்தது. யாரும் கைவைக்காத பொருளுக்குச் சேகரிப்பவர்கள் தரும் விலை அது. இதிலோ நெக்கைக் கழற்றிப் பூட்டியது, பூச்சு தொட்டது, பக்கப்பலகையில் யாரோ ஒயர் செருகத் துளை போட்டது.

கடைசியில் மருமகனை வாசிக்கச் சொன்னார். அந்த எல்-5 நன்றாகத்தான் பேசியது. வறண்ட, உடனே எழும் குரல். பழைய ஸ்ப்ரூஸின் குணம் அது என்றார் பெரியவர், மறுக்க எனக்குக் காரணமில்லை. பிறகு மூலையிலிருந்து 1989-ஆம் வருடத்து ஹெரிடேஜ் கோல்டன் ஈகிள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், விலை 3,400 டாலர் என்றார். அதே பதினேழு அங்குல அகலம், செதுக்கிய ஸ்ப்ரூஸ், மேப்பிள் முதுகு. சற்று இறுக்கமான ஒலி. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது ஐயாயிரம் டாலர் வித்தியாசம் இல்லை. "இதோட நெக் இன்னும் நேரா இருக்கு மாமா" என்றான் பையன், கொஞ்சம் மனம் உடைந்த குரலில்.

எல்-5-க்கு 6,000 வரை போகலாம் என்று பெரியவர் சொல்ல, விற்பவர் ஒரு டாலர்கூட இறங்கவில்லை. கோல்டன் ஈகிளை 3,400-க்கு வாங்கினோம். எல்-5-ஐப் பார்த்துச் சொன்னதற்குப் பெரியவர் வாங்கிய கூலி 80 டாலர்.

பழைய ஆர்ச்டாப் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் அந்தக் கூலிக்குப் பணம் ஒதுக்குங்கள். பட்டறையில் காட்ட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.